மூட்டைக்குள் மக்கல் வாடை: காயவைத்தால் சரியாகுமா?

கேள்வி: 50 கிலோ மக்காச்சோளம் வாங்கி வைத்திருந்தோம். மூன்று வாரம் கழித்து மூட்டைக்குள் கையை விட்டால் உள்ளே கதகதவென்று இருக்கிறது, மக்கல் வாடையும் வருகிறது. சில மணிகளில் பச்சைத் தூள். விற்றவரோ, "கழுவி வெயிலில் காயவையுங்கள், சரியாகிவிடும்" என்கிறார். செய்யலாமா? இல்லை, கோழிக்காவது போடலாமா?

பதில்: தயவுசெய்து இரண்டும் வேண்டாம்.

முதலில் அந்தக் கதகதப்பைச் சொல்கிறேன். ஈரத் தானியத்தில் பூஞ்சணம் வளரும்போது சூடும் தண்ணீரும் வெளியாகும். அந்த ஈரம் பக்கத்து மணிகளுக்கு ஏற, பூஞ்சணம் அங்கும் பரவும். நீங்கள் கை வைத்த இடம் அதன் மையமாக இருக்கலாம். ஒரு மணியை எடுத்து முளை இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். தோலுக்கு அடியில் நீலப்பச்சையாகத் தெரிந்தால், பூஞ்சணம் முளைக்குள்ளேயே குடியேறிவிட்டது. மணியின் எண்ணெய் பெரும்பாலும் முளையில்தான் இருக்கிறது. அது சிதைவதால்தான் சிக்கு வாடையும் கசப்பும் வருகின்றன. அப்படிப்பட்ட மணி விதைக்கும் உதவாது.

வெயில் ஈரத்தை எடுக்கும், மேற்கொண்டு வளர்வது நிற்கும். அதற்குள் உள்ளே இறங்கிய நச்சு என்ன ஆகும்? ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் விடும் அஃப்ளாடாக்சின், வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவழைக்கும். எல்லாப் பூஞ்சணமும் இந்த நச்சை விடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் எது விடும், எது விடாது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கிப் போட்டால் நச்சு குறையும், போய்விட்டது என்று நம்ப முடியாது.

கோழியும் தாங்காது. இந்த நச்சு கண்டுபிடிக்கப்பட்டதே 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான். தீவனத்தில் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கு கலந்திருந்தது. மாட்டுக்குப் போட்டால் நச்சு பாலில் வரும்.

மூட்டையைப் பிரித்துக் கொட்டாமல், படம் எடுத்து, ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். தூசியை முகர்ந்து பார்க்க வேண்டாம்.

அப்புறம், அடுத்த முறை வாங்கும்போது மூட்டையின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒரு பிடி கேளுங்கள். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் அதைப் போட்டு, இரண்டு மூன்று கரண்டி காய்ந்த உப்பையும் சேர்த்து ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல். அதை வாங்க வேண்டாம். ஒட்டாவிட்டாலும், மாதக்கணக்கில் வைப்பதற்கு 13 சதவீதத்துக்குக் கீழே உலர்ந்ததா என்று ஈரமானியில் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லுங்கள்.