நீர் கொதிக்கும்போது உடைவது எது?

மதிப்பிற்குரிய ஐயா,

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வேதியியல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "நீர் கொதிக்கும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் உடைகின்றன" என்று ஒரு வரி காதில் விழுந்தது. நான் வணிகவியல் படித்தவன். ஹைட்ரஜன் எரியும், ஆக்சிஜன் எரிவதற்குத் துணைபுரியும் என்பது மட்டும் பள்ளி நாட்களிலிருந்து நினைவில் இருக்கிறது. பிணைப்பு உடைந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது என்றால், அடுப்புத் தீக்கு அருகிலேயே அது பற்றிக்கொள்ளாதது ஏன்? "அது வேற பிணைப்பு அப்பா" என்கிறாள் மகள். எப்படி வேறு என்று அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. கூடவே இன்னொன்று: சமையல் எண்ணெய் மட்டும் கொதிப்பதற்கு முன்பே புகைந்துவிடுவது ஏன்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகள் சொன்னது சரி. குழப்பத்துக்குக் காரணம் நீங்களும் அல்ல, அந்தப் பெயர்தான். நீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணு இரண்டு ஹைட்ரஜன் அணுக்களோடு எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்திருக்கிறது; இது சகப்பிணைப்பு. 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்று கேட்டதும் யாருக்கும் இதுதான் மனத்தில் வரும். ஆனால் அந்தப் பெயர் ஒரு மூலக்கூறுக்கும் அதன் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையே உள்ள ஈர்ப்புக்கு வைக்கப்பட்டது. பங்கிட்ட எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் கூடுதலாக இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் சற்றே நேர்மின் தன்மை அடைகிறது. அடைந்ததும், அருகிலிருக்கும் இன்னொரு மூலக்கூறின் ஆக்சிஜனில் பிணைப்பில் சேராமல் தனித்திருக்கும் எலக்ட்ரான் இணையின் பக்கம் ஈர்க்கப்படுகிறது. திரவ நீரில் இந்த ஈர்ப்பு நிலையானதும் அல்ல. ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான நேரத்துக்குள் ஒன்று விட்டுப்போகும், வேறொன்று தொற்றிக்கொள்ளும். என்னைக் கேட்டால் இதற்குப் 'பிணைப்பு' என்ற சொல்லைத் தந்திருக்கவே வேண்டாம். ஆனாலும், திசை பார்த்து அமையும் ஈர்ப்பு என்பதால் அந்தச் சொல் முழுத் தவறு என்றும் சொல்ல முடியாது.

இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கு காட்டிவிடும். ஒரு மோல், அதாவது 18 கிராம் நீரை எடுத்துக்கொள்வோம். 100 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும் அந்த நீர் முழுவதையும் ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் ஆற்றல் போதும். அதே நீரின் சகப்பிணைப்புகளை எல்லாம் அறுத்துத் தனித்தனி அணுக்களாக்க வேண்டுமென்றால் 920 கிலோஜூலுக்கு மேல் செலவாகும். இருபது மடங்குக்கும் அதிகம். அடுப்பு கொடுக்கும் வெப்பத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு விலகி, ஒவ்வொன்றும் முழு மூலக்கூறாகவே வெளியேறிவிடுகின்றன. வெப்பத்தைக் கொண்டு மட்டும் நீரைப் பிளக்க நினைத்தால் 2000 டிகிரியைத் தாண்டினாலும் ஒரு சிறு பங்குதான் பிளவுபடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மூக்குள்ள கெட்டிலில் நீர் நன்றாகக் கொதிக்கும்போது மூக்கின் நுனியைக் கவனியுங்கள். வெண்புகை நுனியிலிருந்தே தொடங்காது; சிறிது இடைவெளி விட்டுத்தான் தொடங்கும். ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும் அந்த இடைவெளியில் இருப்பதுதான் உண்மையான நீராவி. வெண்மையாகத் தெரிவது, அது குளிர்ந்து மீண்டும் ஒன்றுகூடிய நுண்துளிகள். எதிரே ஒரு குளிர்ந்த தட்டைப் பிடித்தால் சத்தமில்லாமல் நீர் வழியும் (கை நீராவியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). வந்தது ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக இருந்தால் இவ்வளவு அமைதியாக நீராகியிருக்காது. நீங்கள் பயந்ததுதான் நடந்திருக்கும்.

அந்த இரண்டு வாயுக்களும் வேண்டுமென்றால் மின்சாரத்தை நாட வேண்டும். வோல்டா மின்கல அடுக்கை உருவாக்கிய செய்தி வந்த 1800ஆம் ஆண்டிலேயே நிக்கல்சனும் கார்லைலும் இங்கிலாந்தில் அதை வைத்து நீரைப் பிரித்துவிட்டார்கள்.

பலவீனமான ஈர்ப்பு என்றதும் அதை அலட்சியப்படுத்திவிட வேண்டாம். ஆக்சிஜனின் இடத்தில், தனிம அட்டவணையில் அதே தொகுதியைச் (ஒரே நிரலைச்) சேர்ந்த கந்தகம் இருந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. மூலக்கூறு நீரைவிடக் கனமானது, ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பு அதில் பெயரளவுக்குத்தான். அது −60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அந்தத் தொகுதியின் மற்றச் சேர்மங்களின் போக்கை நீட்டிப் பார்த்தால் நீரும் −80 டிகிரியை ஒட்டிக் கொதித்திருக்க வேண்டும். நம் குடத்தில் நீர் நீராக நிற்பதே இந்த ஈர்ப்பால்தான்.

எண்ணெயின் கதை இதற்கு நேர்மாறானது. எண்ணெய் மூலக்கூறு என்பது கிளிசரால் என்னும் சிறு தண்டில் மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும் அமைப்பு. அதில் ஹைட்ரஜன் பிணைப்புக்கு இடமில்லை. மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் எலக்ட்ரான்களின் கணநேர அசைவால் உண்டாகும் மிக மெல்லிய ஈர்ப்பு. 1930இல் இதை விளக்கிய ஃப்ரிட்ஸ் லண்டனின் பெயரால் இது லண்டன் விசை எனப்படுகிறது. தொடும் ஒவ்வோர் இடத்திலும் அற்பம்தான், ஆனால் ஐம்பதுக்கும் மேற்பட்ட கார்பன் அணுக்களின் நீளத்துக்கு அது சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு எழும்புவதற்கான வெப்பநிலை வருவதற்குள் சகப்பிணைப்புகளில் சில முறியத் தொடங்கிவிடுகின்றன. உங்கள் கடிதத்தில் நீங்கள் சந்தேகப்பட்ட உடைப்பு நடப்பது இங்கேதான். எண்ணெய் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்கும் அந்த நெடி, கிளிசரால் சிதைந்து வரும் அக்ரோலின் என்னும் சேர்மத்துடையது.

வடை தட்டிப் போட்டதும் எழும் குமிழ்களைப் பார்த்து எண்ணெய் கொதிக்கிறது என்று சொல்கிறோம். அவை மாவிலிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும் குமிழ்கள். சலசலப்பு அடங்கியதும் வடை வெந்துவிட்டது என்று வீட்டில் கணித்து எடுப்பது அதனால்தான்.