காரணமில்லாத ஆட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருவிழா ஒலிபெருக்கிகளைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நையாண்டி மேளக்காரர்களின் பிழைப்பை டிஜே செட் கெடுத்துவிட்டது, பென் டிரைவைச் செருகிவிட்டுக் கையைத் தூக்கி ஆட்டுவதெல்லாம் ஒரு கலையா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒரு டிஜே. அதனால்தான் எழுதுகிறேன்.

சொந்த ஊர் திருமங்கலம் பக்கம். மாமா மைக் செட் வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவில் அவரோடு பெட்டி தூக்கப் போய்த்தான் இந்தப் பக்கம் வந்தேன். அப்புறம் பெங்களூரில் ஒரு பப்பில் லைட் போடும் வேலை. ஒரே வேகத்தில் நிற்காமல் ஓடும் ஆட்ட இசையான ஹவுஸ் மியூசிக்கை அங்கேதான் முதலில் கேட்டேன். ஒரு பாட்டு முடிந்ததே தெரியாமல் அடுத்தது நடுவில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆட வந்தவர்களில் ஒருவரும் உட்காரவில்லை. அங்கேயே கற்றுக்கொண்டு சில வருடங்கள் ப்ளே பண்ணினேன். கொரோனாவில் பப்பை மூடியதும் மதுரைக்கு வந்துவிட்டேன். இப்போது கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, காலேஜ் விழா. மண்டபத்தில் நல்ல ஹவுஸ் டிராக் ஒன்றைப் போட்டால் இரண்டாவது நிமிடம் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து, "தம்பி, இன்னும் பாட்டே வரலையே" என்கிறார். பெண் பார்க்கப் போகும் இடத்தில் கிளப்பில் இருந்ததைச் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். குடிகாரத் தொழில் என்று நினைப்பார்களாம்.

உறுமியையும் தவிலையும் ஹவுஸ் பீட்டில் கலந்து போட்டால் நம் ஊரில் எடுபடுமா? இல்லை, இது நமக்கு ஒட்டாத இசைதானா? மதுரைக்கு ஒரு கிளப் வருமா, நான் பெங்களூருக்கே திரும்பிவிடலாமா? இரவு ஒரு மணிக்கு மேல் ஹெட்ஃபோன் மாட்டி எனக்கு நானே ப்ளே பண்ணிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நாளாக இடது காதில் ஓர் இரைச்சல் வேறு. உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

(பெயர் வேண்டாம்)
மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கட்டுரையில் சொன்னதையே இப்போதும் சொல்வேன். மினி லாரியில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, ஜெனரேட்டரைப் பின்னால் இழுத்துக்கொண்டு, முளைப்பாரிக்கு முன்னால் ஊர்ந்து போகிறவர் தனக்கு எதிரே ஆடுகிறவர்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சத்தத்தை வாடகைக்கு விடுகிறார், அவ்வளவுதான். நீங்களோ பெங்களூரில் லைட் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே ஒருவரும் உட்காரவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்கள். கூட்டத்தின் காலைப் பார்க்கத் தெரிந்தவரை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

குடி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஹவுஸ் என்ற பெயருக்கே காரணமான இடம், சிகாகோவில் 1977ல் தொடங்கிய வேர்ஹவுஸ். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே டிஜே. சனி இரவு ஆரம்பித்தால் ஞாயிறு விடிந்த பிறகும் போகும். வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அவர்களிலும் அதிகம் பேர் தன்பாலினர். வேறு எந்த இடத்திலும் வாசல் திறக்காதவர்கள். அங்கே மது கிடையாது. பழச்சாறும் தண்ணீரும்தான். அதே காலத்தில் நியூயார்க்கில் லாரி லெவன் டிஜேயாக இருந்து ஆண்ட பாரடைஸ் கராஜும் 1987ல் மூடும் வரை மது விற்காத இடம். காலையில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஆடுவதற்காகவே வந்த இடங்கள் இவை. இதைச் சொன்னால் பெண் வீட்டார் மனம் மாறுவார்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். அம்மாவிடமாவது சொல்லிப் பாருங்கள்.

இந்த இசை நமக்கு ஒட்டுமா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதைவிட இரண்டு கதை சொல்கிறேன். இரண்டிலும் ஒரே கருவி. ரோலண்ட் கம்பெனி 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்று ஒரு சின்ன வெள்ளிநிறப் பெட்டியை விற்றது. தனியாகக் கிடார் பழகுகிறவருக்குப் பக்கத்தில் தாழ்ந்த சுரத்தில் பேஸ் வாசிக்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்குப் பதிலாக இந்தப் பெட்டி. பேஸ் கிடார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. 1984ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தது.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒரு சினிமா இசைக் கலைஞர், கிடார்காரர். 1982லேயே அந்தப் பெட்டியையும் அதே கம்பெனியின் 808 டிரம் மெஷினையும் வைத்துக்கொண்டு, இந்துஸ்தானி ராகங்களை நிற்காத நான்கடித் தாளத்தின் மேல் வாசித்து ஓர் எல்.பி. இசைத்தட்டு போட்டார். யாரும் வாங்கவில்லை. 2010ல் மறுவெளியீடு வந்தபோது வெளிநாட்டு டிஜேக்கள் அசந்துபோனார்கள். ஹவுஸ் இசையில் ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகை கிளம்புவதற்கு ஐந்து வருடம் முன்னாலேயே ஒருவர் கிட்டத்தட்ட அதே சத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் அவரை ஐரோப்பாவுக்குக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார்கள். 2015ல் காலமானார்.

சிகாகோவில் நடந்தது வேறு. மூன்று இளைஞர்கள், ஃபியூச்சர் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள், பழைய 303 ஒன்றை வாங்கினார்கள். முறையாக இயக்கத் தெரியாமல், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகிகளைத் திருக, பெட்டி கீச்சிட்டு நெளிந்து புது மாதிரி முனக ஆரம்பித்தது. பத்து நிமிடத்துக்கு மேல் அதை ஓடவிட்டுப் பதிவு செய்து, மியூசிக் பாக்ஸ் என்ற இடத்தில் ப்ளே பண்ணிக்கொண்டிருந்த ரான் ஹார்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் அன்றிரவு போட்டார். ஆடிக்கொண்டிருந்த கூட்டம் நின்று, தளமே காலியானது. மனிதர் அசரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி போட்டார். அப்புறம் இன்னொரு தடவை. நான்காவது முறை போட்டபோது கூட்டம் கத்தித் தீர்த்துவிட்டது என்று அந்த இளைஞர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். 1987ல் அது இசைத்தட்டாக வந்தது. அதிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் கிளம்பி இங்கிலாந்து வரை போய்ப் பற்றிக்கொண்டது.

பம்பாய்க்காரருக்குக் கருவியும் இருந்தது, வித்தையும் இருந்தது. தளம் காலியானாலும் திரும்பவும் போட்டுப் பார்க்க அவருக்கு ஒரு தளம் இல்லை. ரான் ஹார்டிக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம் வருவார்கள். வாராவாரம் அதே டிஜே, அதே ஆட்கள். நீங்கள் பெங்களூரில் ரெசிடென்ட் டிஜே என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹவுஸ் இசையை வளர்த்தது அந்த ஏற்பாடுதான். காதுக்குப் பழகாத ஒன்றை இந்த வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம் என்று பழக்கினார்கள்.

இப்போது உங்கள் ரிசப்ஷனுக்கு வருவோம். பத்திரிகையில் மாலை ஏழு மணி. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வர எட்டாகும். போட்டோ வரிசை நகர்ந்து, பெரியவர்கள் பந்திக்குக் கீழே இறங்கி, மாப்பிள்ளையின் நண்பர்கள் சட்டையை மடித்துக்கொண்டு வர ஒன்பது. பத்து மணிக்கு மண்டப மேனேஜர் மெயின் சுவிட்ச் பக்கம் வந்து நிற்பார். நடுவில் இருக்கிற அந்த நேரத்தில் ஆளாளுக்கு போனை நீட்டி "அண்ணே, இது ஒண்ணு, இது ஒண்ணு" என்பார்கள். பல்லவி முடியுமுன் அடுத்த பாட்டு. சித்தப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. காசு கொடுப்பது அவர்கள், கேட்டதைப் போடுவது நம் வேலை. நாளைக்கு வேறு சித்தப்பா, வேறு கூட்டம். இன்று நீங்கள் அவர்கள் காதில் போட்ட எதுவும் அடுத்த நிகழ்ச்சிக்கு வந்து சேராது.

உங்கள் மாமா காலத்து மைக் செட்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பங்குனிப் பொங்கலுக்கு வருடாவருடம் ஒரே செட்தான். வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு, கோயில் திண்ணையில் உட்கார்ந்து, தட்டைத் துணியால் துடைத்து, முள்ளை விரலால் தொட்டுப் பார்த்து வைப்பார். முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு அம்மன். வெயில் ஏறினால் பழைய சினிமா. பந்தி நேரத்துக்கு ஒன்று, கூட்டம் கலையாமல் இருக்க ஒன்று. எந்தப் பாட்டுக்கு எந்தத் தெரு சண்டைக்கு வரும் என்பதும் அவருக்குத் தெரியும். ஊர் அவர் காதை நம்பியது. வருடத்துக்கு ஒரு பாட்டு யாரும் கேட்டிராததைப் போடுவார், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மறு வருடம் அதையே கேட்பார்கள்.

ஆனாலும் அவருக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதுதான் மதுரையில் உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன். நம்மிடம் ஆட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. அழகர் ஆற்றில் இறங்கினால் ஆடுகிறோம். சடங்கு, காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஆடுகிறோம். தேர்ப்பாடைக்கு முன்னால் தப்புச் சத்தத்துக்கு ஆடுகிற மாதிரி உலகத்தில் எந்தக் கிளப்பிலும் ஆடியிருக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. சாமி, சாவு, சொந்தம். காரணமே இல்லாமல், ஒரு சனிக்கிழமை என்பதற்காக, முன்பின் தெரியாதவர் பக்கத்தில் நின்று ஆடுவது மட்டும் நம்மிடம் இல்லை. நீங்கள் பெங்களூரில் ஆசைப்பட்டது அதற்குத்தான். பீட்டு ஒட்டாது என்பதெல்லாம் சும்மா. சினிமாப் பாட்டில் அந்த அடி வந்து எவ்வளவோ வருடமாயிற்று, ஷேர் ஆட்டோவில் போனாலே கேட்கிறது.

உறுமி கலப்பதைப் பற்றி. செய்து பாருங்கள், தடுக்கவில்லை. எனக்கு உடன்பாடில்லை. உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த முனகலை எழுப்பும்போது அவர் கண் சாமியாடியின் மேல் இருக்கும். அருள் ஏற ஏற நடை ஏறும், தளர்ந்தால் தளரும். ஹவுஸ் நிமிடத்துக்கு 120லிருந்து 130 அடி, பெரும்பாலும் அதற்குள்தான். தொடங்கிய வேகத்திலேயே நிற்கும், அந்தப் பிடிவாதம்தான் அதன் அழகு. நீங்கள் உறுமியை நறுக்கி, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக்கி அந்தக் கட்டத்துக்குள் உட்கார வைத்தால் முனகல் கிடைக்கும், ஏற்றம் போய்விடும். அதைப் போட்டு மண்ணின் இசை என்று ரீல்ஸில் லைக் வாங்கலாம். அதை உண்மையிலேயே செய்ய வேண்டுமென்றால் உறுமிக்காரரையே பக்கத்தில் நிறுத்திக் காசு கொடுத்து வாசிக்க வையுங்கள். உங்கள் வேகத்தை அவருக்காக நீங்கள் ஏற்றி இறக்குங்கள். அது கஷ்டம், தெரியும்.

மதுரைக்குக் கிளப் வருமா என்றால், யாராவது ஓட்டல்காரர் திறந்தால் வரும். வந்தாலும் அங்கே பாட்டிலுக்குத்தான் கணக்கு, டிஜே ஒரு அலங்காரம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தூங்கா நகரம் என்கிறோமே தவிர விழித்திருப்பது பரோட்டாக் கல்தான். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. அதனால் இரவை விட்டுவிடுங்கள். ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஒன்பது. ஐம்பது பேர் கொள்ளும் மாடி ஹால், ஏசி இருந்தால் போதும். மது வேண்டாம். ஜிகர்தண்டா வைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மது இல்லாமல், நேரத்தோடு முடிந்தால்தான் பெண்கள் வீட்டில் சொல்லிவிட்டு வர முடியும். பெண்கள் வராத ஆட்டத்தளம் நம் ஊரில் சீக்கிரம் வேறு மாதிரி ஆகிவிடும், ஆடல் பாடல் மேடைகளைப் பார்த்திருப்பீர்கள். நுழைவுக்குச் சின்னக் கட்டணம் வையுங்கள். வந்தவர்கள் அவரவர் காசில் வரட்டும், அப்போது சித்தப்பா கிடையாது. ரிக்வெஸ்ட் கிடையாது என்று வாசலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். மாதம் ஒரு முறை, அதே ஹால், அதே நேரம். முதல் தடவை பதினைந்து பேர் வந்து, அதில் எட்டுப் பேர் சுவரோரம் போன் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நடத்துங்கள். கல்யாண சீசன் சம்பாத்தியத்தில் கொஞ்சம் இதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள், கை கடிக்கும்.

பெங்களூருக்குப் போவது தப்பில்லை. அங்கே தளம் தயாராக இருக்கிறது, உங்களுக்கு முன்னால் அதே ஆசையோடு வரிசையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வருடம் இங்கே ஞாயிறு நடத்திவிட்டு முடிவு செய்யலாம் என்பது என் எண்ணம். வயதும் கடனும் என்ன சொல்கின்றன என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

காது இரைச்சலைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. இசை நடக்கும் இடங்களில் சராசரி 100 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ல் வரையறை கொடுத்திருக்கிறது. நம் மண்டபத்துப் பெட்டி முன்னால் நின்றால் அதையெல்லாம் யார் அளக்கிறார்கள்? அத்தோடு இரவு ஒரு மணிக்கு ஹெட்ஃபோன் வேறு. இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்து, காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். பஞ்சு வைத்துக்கொள்வது உதவாது, இசைக்காரர்களுக்கென்று இயர்பிளக் விற்கிறது, அதை வாங்குங்கள். ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள், ஹால் விஷயத்தை அப்புறம் பேசுவோம்.

அன்புடன்