சுவரில் ஊர்ந்த எறும்பு சாமி குத்தம் இல்லை

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): என் கணவருக்கு 44 வயது. பட்டறை வேலை. 15 வருடமாகக் குடிக்கிறார். இப்போது தினமும் இரண்டு மூன்று குவாட்டர். மறுவாழ்வு மையத்தில் இரண்டு முறை சேர்த்தும் வீண். நான் நச்சரிப்பதால்தான் குடிக்கிறார் என்கிறார் மாமியார். 'அன்பு கிடைத்த எலி போதையைத் தொடாது, ஆராய்ச்சியே இருக்கிறது' என்று ஒரு வீடியோவிலும் பார்த்தேன். என்னால்தானா? சாப்பாட்டில் கலக்கும் பவுடர் ஒன்றைக் கூரியரில் வாங்கி வைத்திருக்கிறேன், கொடுக்கலாமா? ஃபேட்டி லிவர் இருக்கிறது, கால் மரத்துப்போகிறது. 16 வயது மகனுக்கும் இது வருமா? வரும் கார்த்திகையில் கணவர் மாலை போடுகிறார். அதோடு குடி விட்டுப்போகும் என்று நம்புகிறேன். போன வருடம் மாலை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்தார். சாமி குத்தம் என்று பரிகாரம் செய்தோம். (பெயர், ஊர் வேண்டாம்.)

மருத்துவர் பதில்:

சகோதரி, நான்கு பக்கக் கடிதத்தில் அந்த எறும்பைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் பிடித்துக்கொண்டது அதைத்தான். உங்கள் கணவர் போன கார்த்திகையில் சாவின் பக்கத்தில் போய் வந்திருக்கிறார்.

பல வருடம் தினமும் குடிப்பவரின் மூளையை மது அமுக்கியே வைத்திருக்கும். அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வரும். ஒரு நாள் மது சட்டென்று நின்றால், கூடிய அந்த வேகம் மட்டும் மிஞ்சும். ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இன்னும் சிலருக்குப் புத்தி தடுமாறும். எந்த ஊர், எந்தக் கிழமை என்று தெரியாது. சுவரில் எறும்பு, படுக்கையில் பூச்சி, மூலையில் ஆள் என்று இல்லாததெல்லாம் தெரியும். காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும். 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்று எங்கள் புத்தகங்களில் இருப்பது இதுதான். சரியான சிகிச்சை இல்லாத காலத்தில் இது வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று மருத்துவமனையில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே.

பரிகாரத்தால் சரியாயிற்று என்று நினைக்கிறீர்கள். இந்தப் புத்தித் தடுமாற்றம் பலருக்கும் மூன்று நான்கு நாளில் தானாகவே அடங்கும், அதற்குள் உயிர் தங்கினால். ஒரு முறை வந்தவருக்கு அடுத்த முறை திடீரென்று நிறுத்தும்போது மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் கடுமையும் கூடலாம். போன வருடம் எறும்போடு நின்றது, இந்த வருடம் வலிப்பில் போய் நிற்கலாம்.

ஆகவே மாலை போடட்டும், ஆனால் சிகிச்சைக்குப் பிறகு போடட்டும். ஐப்பசிக்குள் உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உள்நோயாளியாகச் சேருங்கள். மதுவின் இடத்தில் குளோர்டையாசெபாக்சைடு மாதிரி ஒரு மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். தயாமின் என்கிற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். குளோர்டையாசெபாக்சைடு மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கலாமே என்று யோசிக்காதீர்கள். அதுவும் பழக்கமாகிற மருந்துதான், மதுவோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்தும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் 'அசதிக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க' என்று படுக்க வைப்பதும் வேண்டாம். சத்துக் குறைந்த குடிநோயாளிக்குத் தயாமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கிற கொஞ்ச பி1 வைட்டமினும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். அவசரத்துக்கு எங்கே போனாலும் 'இவர் தினமும் குடிப்பவர்' என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற குடும்பங்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

சேர்க்கும் நாள் வரை அவரைத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டுவது, அறையில் பூட்டுவது எதுவும் கூடாது. குடிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இவர் உடம்புக்குத் தனியாக நிறுத்துவது ஆபத்து, அவ்வளவுதான். அதற்குள் ஏதாவது காரணத்தால் குடி நின்று, நடுக்கத்தோடு உளறலோ, இல்லாததைப் பார்ப்பதோ, வலிப்போ வந்தால் உடனே 108. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பவுடரைக் குப்பையில் போடுங்கள். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பொட்டலத்தில் போடாத பொருளை மனுஷன் வயிற்றுக்குள் அனுப்பக் கூடாது, காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். இப்படி ரகசியமாகக் கலக்கும் பொருளில், குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால், அதன் மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போகக்கூட வாய்ப்புண்டு. கல்லீரலையும் அது கெடுக்கலாம். அது நல்ல மருந்துதான். ஆனால் நோயாளிக்குத் தெரிந்து, சம்மதித்து, பரிசோதனை பார்த்துத் தர வேண்டியது. நீங்கள் கலந்தது அவருக்குத் தெரிந்தால் அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். சிகிச்சைக்குக் கூப்பிட்டால் வருவாரா?

சரி, இப்போது நீங்கள் உண்மையிலேயே கேட்க வந்த கேள்வி. உங்களால்தானா?

இல்லை. இந்தப் பழியைக் குடிப்பவரின் மனைவி மேல் போடுவது உங்கள் மாமியார் கண்டுபிடித்ததும் இல்லை. 1950கள் வரை மேல்நாட்டு மனநலத் துறையினரே அப்படித்தான் எழுதிவந்தார்கள். மனக்கோளாறுள்ள பெண்கள்தான் குடிகாரரைத் தேடிக் கட்டிக்கொள்கிறார்கள், உள்ளூர அவர் குடிப்பதை விரும்புகிறார்கள் என்கிற அளவுக்கு. ஜோன் ஜாக்சன் என்ற அமெரிக்க சமூகவியலாளர், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' குழுவில் இருந்தவர்களின் மனைவியரோடு உட்கார்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டு, 1954இல் ஒரு கட்டுரை எழுதினார். முதலில் 'எல்லா ஆம்பளையும் குடிக்கிறதுதானே' என்று சமாளிப்பது, பிறகு ஊருக்கு மறைப்பது, பாட்டிலை ஒளிப்பது, கத்துவது, கடைசியில் குடும்பத்தைத் தன் கையில் எடுப்பது. மனைவியர் இப்படிக் கட்டம் கட்டமாக மாறிக்கொண்டே வருகிறார்கள், அந்த மாற்றம் ஒரு நெருக்கடிக்குக் குடும்பம் காட்டும் எதிர்வினை என்று அவர் காட்டினார். பிற்காலத்தில் பிரிட்டன் உளவியலாளர் ஜிம் ஆர்ஃபோர்டும் சகாக்களும் இங்கிலாந்திலும் மெக்சிகோவிலும் இத்தகைய குடும்பங்களைப் பார்த்தபோது, ஊரும் மொழியும் வேறாக இருந்தும் கவலையும் சமாளிப்பும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருந்தன. உங்கள் நச்சரிப்பு 15 வருடக் குடியின் விளைவு.

அந்த எலி விஷயத்தையும் முடித்துவிடுவோம். 1970களின் இறுதியில் கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் என்ற உளவியலாளர் செய்த சோதனை அது. விசாலமான இடத்தில் கூட்டமாக இருந்த எலிகள், தனிக்கூண்டு எலிகளைவிட மார்ஃபின் கலந்த தண்ணீரைக் குறைவாகக் குடித்தன. பின்னால் மற்றவர்கள் திரும்பச் செய்தபோது எப்போதும் அதே முடிவு வரவில்லை. எப்படியானாலும், அந்தச் சோதனையில் எந்த எலியின் பெண்டாட்டியையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. வீடியோக்காரர்தான் நிறுத்தியிருக்கிறார்.

சூழலுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடித்தேடிப் பேட்டி எடுத்தார். அங்கே இருந்தபோது ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாக இருந்தோம் என்றவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். யாருமே எதிர்பார்க்காத முடிவு. இடம் மாறியது, கூட்டாளிகள் மாறினார்கள், தினப்படி வாழ்க்கை மாறியது. ஹெராயினும் பிராந்தியும் ஒன்றில்லை, அமெரிக்க ராணுவமும் உங்கள் கணவரின் பட்டறையும் ஒன்றில்லை. ஆனாலும் இதைப் படித்துவிட்டு அவருடைய போன வருடத்து மாலை நாட்களைப் பாருங்கள். எறும்பு இரவு கழிந்த பிறகு, மலைக்குப் போய்த் திரும்பும் வரை அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பஜனை, பட்டறையில் யாரும் 'வா, ஒரு கட்டிங் போடலாம்' என்று கூப்பிடாத மரியாதை, கூடவே குருசாமியின் கண். மாலையைக் கழற்றிய அன்றே இதெல்லாம் ஒன்றாகக் காணாமல் போயிற்று. அன்று ராத்திரியே குடித்துவிட்டு வந்தார். அவருக்கு மனவலிமை இல்லை என்கிறீர்கள். நான் பார்ப்பது, கழற்றிய மறுநாளுக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை என்பதை.

ஆலன் மார்லட் என்ற உளவியலாளரும் சகாக்களும் மறுபடி பழக்கத்தில் விழுந்தவர்களிடம் எப்போது, எங்கே, யாரோடு என்று விசாரித்தார்கள். முக்கால்வாசிப் பேர் விழுந்தது மூன்றே சந்தர்ப்பங்களில்: மனம் நொந்திருந்தபோது, யாரோடாவது சண்டை போட்டபோது, கூட்டாளிகள் வற்புறுத்தியபோது. உங்கள் கணவருக்கு இது சனிக்கிழமைக் கூலி நாளாக இருக்கலாம், மச்சான் வீட்டு விசேஷமாக இருக்கலாம். மருத்துவமனையில் இருக்கும்போதே ஆலோசகரோடு உட்கார்ந்து இந்த நாட்களைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். சனிக்கிழமைக் கூலியை உங்கள் கையில் தர அவரே முதலாளியிடம் சொல்லிவைக்கலாம், விசேஷத்துக்கு மகனோடு போய்ப் பந்தி முடிந்ததும் திரும்பலாம். தப்பித்தவறி ஒரு நாள் குடித்துவிட்டால், 'எல்லாம் போச்சு' என்று அவரே கைகழுவி விடுவதுதான் ஒரு குவாட்டரை ஒரு மாதக் குடியாக்குகிறது. அன்று நீங்களும் 'எல்லாம் போச்சு' என்று சொல்லாதீர்கள். மறுநாள் காலையில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டு முறை சேர்த்தது வீண் என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் மறுபடி தொடுகிறார்கள். பிரஷர், ஆஸ்துமா நோயாளிகளும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் மாத்திரையை விட்டு மறுபடி வந்து நிற்கிறார்கள். பிரஷர் ஏறியவரை யாரும் திருந்தாத ஜென்மம் என்பதில்லை. 2019இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பார்த்திருக்கிறார். உங்கள் கணவர் அந்த ஒருவர், அதுவும் இரண்டு முறை. ஒன்று மட்டும் கேட்கிறேன். போன மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா? கட்டிவைத்து அடித்தார்கள் என்றால் அங்கே நடந்தது சிகிச்சையே இல்லை.

'கூப்பிட்டால் வரமாட்டார்' என்பீர்கள். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 130 குடும்பத்தினரை மூன்று விதமாகப் பழக்கினார்கள், 1999இல் முடிவு வெளியானது. குடிப்பவரின் குடும்பத்தாருக்கான ஆல்-அனான் குழுவின் வழியில் உங்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்ட குடும்பங்களில் குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தது 13 சதவீதம். உறவினரெல்லாம் கூடி ஆளை நடுவில் உட்காரவைத்துக் கேட்கும் முறையில் 30. குடிக்காத நேரத்தில் நிதானமாகப் பேசு, குடித்தபோது விலகி இரு, குடியின் விளைவை அவரே சந்திக்கட்டும் என்று பழக்கிய முறையில் 64. நம் வீட்டில் இதை எப்படிச் செய்வது? காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்: 'போன வருஷம் அந்த எறும்பு ராத்திரி எனக்குப் பயமா இருந்துச்சு. மாலை போடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பெரியாஸ்பத்திரியில படுத்துட்டு வந்துடுங்க, நான் கூட இருக்கேன்.' அதற்கு மேல் அன்றைக்கு ஒரு வார்த்தை வேண்டாம். ராத்திரி குடித்து வந்தவரிடம் நியாயம் பேசாதீர்கள். மறுநாள் பட்டறைக்குப் போன் போட்டு 'அவருக்குக் காய்ச்சல்' என்று பொய் சொல்வதையும் விடுங்கள், அந்தப் போனை அவர் போடட்டும். அடிப்பதுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் மேலே சொன்ன எதையும் செய்து பார்க்க வேண்டாம், முதலில் பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள்.

மற்றவை. ஃபேட்டி லிவர், ஆரம்பக் கட்டம்தான் என்றால், குடி நின்றால் பெரும்பாலும் தானே சரியாகும், டானிக் தேவையில்லை. கால் மரப்பு பி1 குறைவாலோ மதுவாலோ இருக்கலாம், அங்கேயே பார்த்துவிடுவார்கள். மகன் விஷயத்தில், இது வருவதில் பரம்பரைக்கு ஏறக்குறையப் பாதி பங்கு, மீதி பாதி சூழலுக்கு. அவனுக்கு வருமா என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, இன்டர்நெட்டில் தேடாதீர்கள். அப்பாவுக்குச் சோடாவும் முறுக்கும் வாங்க அவனை அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள்.

எங்கே போவது, எப்படிக் கூட்டிப்போவது என்று குழப்பமாக இருந்தால் 14416க்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் அது, இலவசம், தமிழில் பேசலாம். சேர்க்கப் போகும்போது முந்தைய சீட்டுகளையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். எறும்பு சங்கதியையும் அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.