வைத்த தீயும் பிடித்த தீயும்

கேள்வி: ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஆண்டுதோறும் காட்டுக்குத் தீ வைக்கிறார்களாம். இதை இயற்கைப் பாதுகாப்பு என்று வேறு புகழ்கிறார்கள். 2019-20இல் அந்த நாடு எரிந்ததற்கு இந்தப் பழக்கம்தானே காரணம்?

பதில்: பழியை ஆள் மாற்றிப் போடுகிறீர்கள். அப்போது உயிர்களையும் வீடுகளையும் பெருமளவில் பறிகொடுத்தவை நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும். பழங்குடியினரின் நிலத்தைப் பிடுங்கி, அவர்கள் தீ வைப்பதை நிறுத்தி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பகுதிகள் அவை. வறட்சியும் வெயிலும் முதல் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் புதர் மண்டிய கதை பழையது. குடியேற்றம் தொடங்கியது 1788இல். அறுபது ஆண்டுகள் கழித்து, 1848இல், நில அளவையாளர் தாமஸ் மிட்செல் எழுதினார்: சிட்னி பக்கம் வருடாந்தரத் தீ நின்றுபோனதால், குதிரையை விரட்டிப் போன வெளிகளில் இளமரங்கள் அடைத்துக்கொண்டன.

அவர்கள் எப்படித் தீ வைக்கிறார்கள் என்று பாருங்கள். வடக்கே ஆர்ன்ஹெம் லாண்டில் ஏப்ரல் வாக்கில் மழை ஓயும். மேட்டுப் புல் முதலில் காயும், பள்ளத்தில் ஈரம் நிற்கும். மே, ஜூன் மாதங்களை அங்குள்ள பழங்குடியினரின் குன்விஞ்கு மொழியில் 'யெக்கே' என்பார்கள்; தீ வைக்கும் பருவம் அது. காய்ந்த திட்டுக்கு மட்டும், காற்று தணிந்திருக்கும்போது வைப்பார்கள். தீ முழங்கால் உயரத்தில் ஊரும். ஈரப்புல்லைத் தொட்டதும் அவியும், மிச்சத்தை இரவுப் பனி அணைக்கும். பல்லியும் ஓணானும் பக்கத்துத் திட்டுக்கு ஒதுங்க நேரம் இருக்கும். மரத்தின் உச்சி இலை கருகியிருந்தால் கணக்குத் தப்பிவிட்டது என்று பொருள். கடுந்தீயைத் தாங்காத அன்பினிக் மரக்காடுகளைச் சுற்றி முன்னதாகவே எரித்து வளையம் போட்டுவிடுவார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் நோயும் கிறிஸ்தவ மிஷன் குடியிருப்புகளும் கூலி வேலையும் அந்த மக்களை ஆர்ன்ஹெம் லாண்ட் பீடபூமியிலிருந்து இறக்கிவிட்டன. ஆள் இல்லாத காட்டில் புல் முழுக்கக் காய்ந்து, செப்டம்பர், அக்டோபர் காற்றில் பற்றினால் வாரக்கணக்கில் எரியும். இப்படித்தான் பல ஆண்டுகள் எரிந்தது. பார்டயால் லாஃப்டி நட்ஜமெரெக் போன்ற முதியவர்கள் திரும்பி வந்து முறையை இளையவர்களுக்குக் கற்றுத் தந்தார்கள். 2006இல் டார்வினில் உள்ள இயற்கை எரிவாயு ஆலை ஒன்று, ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் வீதம் 17 ஆண்டுகளுக்குத் தர ஒப்பந்தம் செய்தது. முன்பருவத் தீயில், புவியைச் சூடாக்கும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைவாக வெளியாவதற்கான கூலி அது. 28,000 சதுர கிலோமீட்டரில் நடக்கும் வேலை. இன்று நடந்தும் வைக்கிறார்கள், ஹெலிகாப்டரிலிருந்தும் போடுகிறார்கள்.

முறை தோற்கும் இடமும் உண்டு, அதுவும் வந்தேறியவர்கள் விட்டுப்போனதே. மாட்டுத் தீவனத்துக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காம்பா புல் 4 மீட்டர் வரை வளரும். நாட்டுப்புல் காயும்போது இது பச்சையாக நிற்கும். இது காயும்போது காற்றுக் காலம் வந்திருக்கும். அப்போது பற்றினால் நெருப்பு மர உச்சிக்கு ஏறிவிடும். 2008இல்தான் வடக்குப் பிரதேச அரசு அதைக் களை என்று அறிவித்தது. காம்பா பரவிய இடத்தில் முதலில் மருந்தடித்து அதை ஒழித்தாக வேண்டும்; அதற்குப் பிறகுதான் அங்கே யெக்கே தீக்கு வேலை.