தம்பிக்கு அடிவயிற்றில் கதிர்வீச்சு: ஈயக் கவசம் மட்டும் போதுமா?

24 வயதுத் தம்பிக்கு விதையில் (விரையில்) புற்றுநோய் என்று ஒரு விதையை எடுத்துவிட்டார்கள், இனி வயிற்று நிணநீர் முடிச்சுகளுக்குக் கதிர்வீச்சு, மிஞ்சியிருக்கிற விதைக்கு ஈயக் கவசம் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவசம் கட்டாயம் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள், சிகிச்சை தொடங்க முதலே விந்தணுவைச் சேமித்து வையுங்கள். களுவாஞ்சிக்குடியில் என் சின்னம்மாவின் மகனுக்கும் இதே நோய்தான் வந்தது, மட்டக்களப்பில் சிகிச்சை, கூடவே நானும் போய் வந்தேன்.

கவசம் ஏன் முழுதாகக் காக்காது என்றால், கதிர் வயிற்றில் பட்டதும் உடம்புக்குள்ளேயே சிதறி, தொடை இடுக்கு வழியாகவும் விதைக்கு வந்து சேருகிறது. மேலே ஈயத் தகடு விரித்தால் இதைத் தடுக்க முடியாது. மட்டிச் சிப்பி மாதிரி இரண்டு பாதியாக மூடி விதையைச் சுற்றிவர அடைக்கிற கவசம்தான் வேண்டும், அது சிதறி வருவதைப் பல மடங்கு குறைக்கும், மிச்சம் கொஞ்சம் போகத்தான் செய்யும். அந்தக் கொஞ்சமும் விந்தணுவை உண்டாக்கும் கலங்களுக்குச் சிறிதல்ல. வயிற்றுக்கு 20 கிறே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் கொடுப்பார்கள், விதைக்கோ 0.1 கிறே சேர்ந்தாலே எண்ணிக்கை இறங்கலாம், 2 - 3 கிறே ஆனால் வருடக்கணக்கில் ஒன்றுமே இல்லாமல் போகலாம், 6 கிறேக்கு மேல் பெரும்பாலும் திரும்பி வராது. மற்ற உறுப்புகளுக்குத் தினமும் சிறிது சிறிதாகக் கொடுத்தால் பாதிப்புக் குறையும், விதைக்கு மட்டும் அப்படிப் பிரித்துக் கொடுப்பது கூடுதலாகவே அடிக்கிறது.

ஆண் ஹோர்மோனைச் சுரக்கும் கலங்கள் இதைவிட எத்தனையோ மடங்கு தாங்கும். ஆகவே சிதறி வரும் இந்த அளவால் ஆண்மை போய்விடும் என்று யாரும் பயம் காட்டினால் தம்பியை நம்பவிடாதீர்கள். சின்னம்மா வீட்டில் இந்தக் கதையை எடுக்கவே விடவில்லை, தாய்க்கு முன்னால் அவனும் வாய் திறக்கமாட்டான், கடைசியில் கிளினிக்கில் அவனைத் தனியே இருத்தி டொக்டரிடம் நான்தான் கேட்டேன். டொக்டர் கோபிக்கவில்லை, உடனே கடிதம் எழுதித் தந்தார்.

சேமிக்கக் கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. மாதிரியை இங்கே எடுத்து அங்கே கொண்டுபோகலாம் என்று சிலர் சொல்வார்கள், அது சரிவராது, எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் இருக்கவேண்டும். இரவு பஸ்ஸில் போனோம். இரண்டு மூன்று நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டுக் கொடுப்பது நல்லது, முடிந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கொடுக்கட்டும். திரவ நைதரசனில் -196 பாகை செல்சியஸில் வருடக்கணக்கில் கிடக்கும். எண்ணிக்கை குறைவு என்று சொன்னாலும் மனம் விடவேண்டாம், 1992 முதல் ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்திக் கருத்தரிக்க வைக்கிற முறை இருக்கிறது.

சிகிச்சை தொடங்கிய பிறகு எடுக்கலாம் என்று தள்ளிப்போடவேண்டாம். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும் என்பதால் முதல் கிழமைகளில் எண்ணிக்கை சரியாகவே தெரியும், ஆனால் அதில் கதிர்பட்ட விந்தணுக்களும் இருக்கும். அதே காரணத்துக்காக, கல்யாணம் ஆனவர் என்றால் சிகிச்சை முடிந்தும் ஆறு மாதம் முதல் ஒரு வருடமாவது கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

விந்தணுவைக் காக்க மாத்திரை, மூலிகைத் தூள் என்று கேட்டு அலையவேண்டாம். எலிகளில் ஹோர்மோனை அடக்கிப் பார்த்தபோது பலன் தெரிந்தது, மனிதரில் அது நிரூபணமாகவில்லை. சாதாரண எக்ஸ்ரேயை நினைத்தும் பயப்படவேண்டாம், அதன் அளவு மிகச் சிறியது.

சரி, இப்போது செய்யவேண்டியது: கதிர்வீச்சைத் திட்டமிட எடுக்கும் ஸ்கானுக்கு முதலே டொக்டரிடம் கேளுங்கள், நோயின் பெயரும் சிகிச்சை தொடங்கும் திகதியும் உள்ள கடிதம் வாங்குங்கள், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி இரத்தப் பரிசோதனைகளை முன்கூட்டியே இங்கேயே செய்யலாமா என்று விந்தணு சேமிக்கும் நிலையத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். வருடாந்தக் கட்டணம் எவ்வளவு, கட்டத் தவறினால் மாதிரியை என்ன செய்வார்கள் என்பதையும் கையெழுத்து வைக்க முதல் தம்பியே வாசித்துப் பார்க்கட்டும்.