ஒரே கணினியில் இரண்டு பேர்: என்விஆரில் திரை ஏன் கறுத்துப் போகிறது?

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடையில் பில் போடும் கணினி. காலையில் ஒருவர், மதியத்துக்கு மேல் குமுளியிலிருந்து வரும் இன்னொருவர். திரையைக் கேமராபோல என்விஆரில் (கேமராப் படங்களை நெட்வொர்க் வழியாக வாங்கிப் பதியும் பெட்டி) பதிவு செய்கிறீர்கள், ஆள் மாறியதும் படம் கறுத்துவிடுகிறது என்கிறீர்கள். என்விஆர்மேல் பழி போட வேண்டாம்.

விண்டோஸில் லாகின் செய்யும் ஒவ்வொருவருக்கும் தனி செஷன், அதாவது தனி டெஸ்க்டாப்பும் அதில் ஓடும் புரோகிராம்களும். முதல் ஆள் சைன்-அவுட் செய்யாமல் 'ஸ்விட்ச் யூசர்' கொடுத்தால், அவருடைய செஷன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலுள்ள திரைபிடிக்கும் புரோகிராம், வீடியோ அனுப்பும் முறையான ஆர்டிஎஸ்பி-யின் 554 போர்ட்டை (என்விஆர் வந்து படம் கேட்கும் வாசல்) விடாது. இரண்டாமவர் செஷனில் அதே புரோகிராம் கிளம்பினால் உட்கார இடம் இருக்காது. என்விஆரோ பழைய செஷனோடுதான் பேசிக்கொண்டிருக்கும். அங்கே காட்டத் திரையே இல்லை.

சரி, அந்தப் புரோகிராமை யார் லாகின் செய்தாலும் செய்யாவிட்டாலும் பின்னணியில் ஓடும் சர்வீஸாக ஓட்டலாமே? அது மட்டும் போதாது. விண்டோஸ் விஸ்டா முதல் சர்வீஸ்கள் தங்களுக்கென்றே உள்ள செஷன் 0-வில் தனியாக அடைபட்டவை. பயனரின் டெஸ்க்டாப் அவற்றுக்குத் தெரியாது. சர்வீஸ் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, இப்போது முன்னால் இருக்கும் செஷனில் ஒரு சிறு புரோகிராமை எழுப்பிப் படம் வாங்க வேண்டும். அப்படிச் செய்யும் மென்பொருளா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

செலவில்லாத வழி: குரூப் பாலிசியில் (விண்டோஸின் கட்டுப்பாட்டு அமைப்புகள்) 'ஸ்விட்ச் யூசர்' வசதியை மறைத்துவிட்டு, புரோகிராம்களைத் தானாகக் கிளப்பும் டாஸ்க் ஷெட்யூலரில் யார் லாகின் செய்தாலும் புரோகிராம் கிளம்பும்படி வையுங்கள். முதலாமவர் சைன்-அவுட் செய்தே ஆக வேண்டும். அதில் கொஞ்சம் முணுமுணுப்பு வரும்.

பில் திரைக்கு நொடிக்கு 5 ஃபிரேம் தாராளம். அப்புறம், பதிவாகிறது என்பதை இருவரிடமும் சொல்லிவிடுங்கள். நெட் பேங்கிங்கை அந்தக் கணினியில் திறக்காதீர்கள்.