நம்பர் பிளேட் இருந்தா மட்டும் போதுமா? மணல்ல ட்ரக் ஓட்டறவங்க கேள்விகளும் நம்ம பதிலும்

இந்தத் தடவை பெட்டியில வந்த கேள்வியில பாதிக்கு மேல அமெரிக்காவுல இருக்கற வாசகர்கள் அனுப்பினது, அதுலயும் பிக்கப் ட்ரக் வாங்கினவங்க அனுப்பினது. எல்லாத்தையும் ஒண்ணா போட்டுட்டேன்.

கேள்வி: மிச்சிகன்ல இருக்கேன் சார். போன வருஷம் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாங்கினேன். ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எல்லாம் பக்கா. சில்வர் லேக் மணல் மேட்டுல ஓட்டப் போகலாம்னா ஃப்ரெண்ட் தனியா ஸ்டிக்கர் வாங்கணும்ங்கறான். ரோட்டுல ஓட்டற வண்டிக்கு எதுக்கு இன்னொரு லைசென்ஸ்?

பதில்: ஃப்ரெண்ட் சொல்றது சரி. உங்க பிளேட் ரோட்டுக்கு, அதைக் குடுக்கறது செகரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ். மணல் மேட்டைப் பாத்துக்கறது டிஎன்ஆர், அதாவது மாநில இயற்கை வளத் துறை, அவங்களுக்கு உங்க பிளேட்டால ஒரு பிரயோஜனமும் இல்ல, அவங்க கேக்கறது ஓஆர்வி (ரோட்டை விட்டு இறங்கி ஓட்டற வண்டி) லைசென்ஸ், அதோட டிரெயில் பர்மிட், ரெண்டும். லைசென்ஸ் 26.25 டாலர், பர்மிட் 10 டாலர், சேத்து 36.25. இதுல ஒரு விஷயம் கவனிங்க, இது காலண்டர் வருஷம் இல்ல, ஏப்ரல் 1-லேருந்து அடுத்த மார்ச் 31 வரைக்கும்தான், அதனால பிப்ரவரியில ஆர்வமா வாங்கினீங்கன்னா ரெண்டு மாசத்துல காலாவதி ஆயிடும். பேருதான் லைசென்ஸ், ஆனா அது உங்களுக்கு இல்ல, வண்டிக்கு ஒட்டற ஸ்டிக்கர், பின்பக்கம் தெரியற மாதிரி ஒட்டணும். பக்கத்து மாநிலத்துலேருந்து வர்றவங்களும் இதே ஸ்டிக்கர்தான் வாங்கணும்.

இது போக அது ஸ்டேட் பார்க், உள்ள நுழையவே ரெக்ரியேஷன் பாஸ்போர்ட் வேணும். மிச்சிகன் வண்டின்னா பிளேட் புதுப்பிக்கும்போதே அதுக்கு ஒரு டிக் போட்டிருப்பீங்க, போடலன்னா கேட்ல மாட்டிப்பீங்க. அப்புறம் தரையிலேருந்து 10 அடி உயரத்துக்கு ஆரஞ்சு கொடி கட்டணும். இதைக் கேட்டு சிரிக்கறவங்க நிறைய பேர், ஆனா மேட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஏறி வர்றவனுக்கு உங்க வண்டி தெரியாது, கொடி மட்டும்தான் தெரியும், ரெண்டு பேரும் உச்சியில முட்டிக்காம இருக்கறது அந்தத் துணியாலதான். சைலன்சரைக் கழட்டிட்டு சத்தமா போற பழக்கம் இருந்தா அதுக்கும் வரம்பு இருக்கு, மிச்சிகன்ல 94 டெசிபல். ஹெல்மெட் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன், உங்க ட்ரக்குக்கு உறுதியான கூரை இருக்கு, எல்லாரும் பெல்ட் போட்டிருந்தா ஹெல்மெட் வேண்டாம். கூரையக் கழட்டற ஜீப்புக்காரங்கதான் யோசிக்கணும்.

சீசன் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை. லீவு வாரக் கடைசியில கூட்டம் தாங்காது, அப்ப வவுச்சர் வாங்கினாதான் மணல்ல ஏத்துவாங்க, அதை முன்னாடியே பார்க்கோட வெப்சைட்ல பாத்துட்டு கிளம்புங்க. காசு குடுக்காம ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னா ஜூன் மாசம் ஒரு வாரக் கடைசி ஓஆர்வி ஸ்டிக்கர் இல்லாமலே விடுவாங்க. அன்னிக்குக் கூட்டம் எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா?

கேள்வி: ஸ்டிக்கர் வாங்கிட்டா மிச்சிகன்ல எல்லா டிரெயில்லயும் ட்ரக் போகலாமா?

பதில்: போக முடியாது. அங்க டிரெயில்னு ஒண்ணு, ரூட்னு ஒண்ணு தனித்தனி. டிரெயில்ங்கறது 50 இஞ்ச் அகலத்துக்கு உள்ள இருக்கற வண்டிக்கு, அதாவது ஏடிவி, பைக் மாதிரி ஏறி உக்காந்து ஓட்டற நாலு சக்கர சின்ன வண்டி, அது மாதிரி. பைக்குக்கு மட்டும்னு இன்னும் ஒடுக்கமான பாதையும் இருக்கு. உங்க எஃப்-150 கண்ணாடிய விட்டுட்டு அளந்தாலே கிட்டத்தட்ட 80 இஞ்ச். அதனால ட்ரக்குக்கு அகலமான வண்டியும் போகற ஓஆர்வி ரூட், அப்புறம் சில்வர் லேக் மாதிரி இஷ்டத்துக்கு ஓட்ட விட்டிருக்கற திறந்த இடம் (ஸ்க்ராம்பிள் ஏரியா), இவ்வளவுதான். ஸ்டிக்கரைக் காட்டி மரத்துக்கு நடுவுல நுழைஞ்சீங்கன்னா ஃபைனும் வரும், கதவுல கோடும் விழும்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட 90-கள்ல வந்த பழைய டொயோட்டா ட்ரக் ஒண்ணு இருக்கு, ரோட்டுக்கு லாயக்கில்ல, பிளேட் கிடையாது, டிரெய்லர்ல ஏத்திட்டுப் போய் மணல்ல மட்டும் ஓட்ட ஆசை. சட்டப்படி முடியுமா?

பதில்: எந்த ஊர் மணல்ங்கறதைச் சொல்லலையே தம்பி, அதுலதான் எல்லாமே இருக்கு. வண்டி ஒண்ணுதான், நிலம் யாரோடதுங்கறதைப் பொறுத்து பதில் மாறும். மூணு இடம் சொல்றேன் பாருங்க.

மிச்சிகன்ல முடியும். ஓஆர்வி லைசென்ஸும் டிரெயில் பர்மிட்டும் வாங்கி ஒட்டிட்டு, மணல் வரைக்கும் டிரெய்லர்ல கொண்டு போயிட்டா பிளேட் இல்லாததைப் பத்தி அங்க பிரச்சனை இல்ல.

கலிஃபோர்னியாவுலயும் முடியும், ஆனா வழி வேற. அங்க ரோட்டு ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டியை டிஎம்வி-ல, அதாவது மாநில வாகனப் பதிவு ஆபீஸ்ல, ஆஃப்-ஹைவே வண்டின்னு பதிவு பண்ணி பச்சை ஸ்டிக்கர் வாங்கணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். இதுல மிச்சிகன்காரங்களுக்கு ஆச்சரியமான விஷயம், கலிஃபோர்னியாவுல ரோட்டு பிளேட் நடப்புல இருந்தா பச்சை ஸ்டிக்கரே வேண்டாம், ஓஷனோ டூன்ஸ், ஹங்ரி வேலி மாதிரி ஸ்டேட் ஏரியாவுக்கு நுழைவுக் கட்டணம் கட்டிட்டு அப்படியே போகலாம். அங்க ஸ்டிக்கர் பிளேட்டுக்கு மாத்து, மிச்சிகன்ல பிளேட்டுக்கு மேல கூடுதல். இந்த ஒரு வித்தியாசம் புரியாமதான் ரெண்டு மாநிலத்துக்காரங்களும் ஒருத்தருக்கொருத்தர் தப்பா சொல்லிக்கறாங்க. ரெண்டு பேருமே பொய் சொல்லல, அவங்கவங்க ஊர் சட்டத்தைச் சொல்றாங்க. கொடி ஓஷனோ டூன்ஸ்லயும் உண்டு, ஆனா 8 அடி போதும்.

மூணாவது, வட கரோலினாவுல கேப் ஹேட்டரஸ் கடற்கரை. அங்க உங்க டொயோட்டாவுக்கு இடமே இல்ல. ரோட்டு ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் இருக்கற வண்டி மட்டும்தான் மணல்ல இறங்கலாம், ஓட்டறவங்களுக்கு டிரைவிங் லைசென்ஸும் வேணும். ஏடிவி கூடக் கூடாது. ஏன்னா அது நேஷனல் பார்க் சர்வீஸோட நிலம், மாநிலத்தோட விளையாட்டு மைதானம் இல்ல.

கேள்வி: அந்த கேப் ஹேட்டரஸுக்குத்தான் சம்மர்ல ஃபேமிலியோட போறோம். ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி வாடகைக்கு எடுத்துட்டு பீச்ல ஓட்டலாம்னு பிளான். பர்மிட் அங்க போய் வாங்கிக்கலாமா?

பதில்: முதல்ல வாடகைக் கம்பெனி ஒப்பந்தத்தைப் படிங்க. பெரும்பாலும் தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கும், அதை மீறி மணல்ல சிக்கினா அவங்க இன்சூரன்ஸ் எதுவும் உங்களைக் காப்பாத்தாது, இழுத்து வெளிய எடுக்கற செலவு முழுக்க உங்க தலையில. பர்மிட் ஆளுக்கு இல்ல, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி, எந்த வண்டின்னு பதிவாகும், அதனால வாடகை வண்டி எதுன்னு கையில வந்த பிறகுதான் வாங்கவே முடியும். சொந்த வண்டி இருக்கற சொந்தக்காரங்க யாராவது கூட வந்தா அவங்க வண்டியில போறது உத்தமம்.

பர்மிட் ரெக்ரியேஷன் டாட் கவ்-ல ஆன்லைன்லயே கிடைக்கும். 10 நாளைக்கு 50 டாலர், ஒரு வருஷத்துக்கு 120 டாலர். வண்டிக்குள்ள நாலு சாமான் கட்டாயம் இருக்கணும், காத்துக் கம்மியா இருந்தாலும் சரியா காட்டற டயர் கேஜ், மண்வெட்டி, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில வைக்கற பலகை. பலகை எதுக்குன்னு கேக்காதீங்க, மணல்ல பலகை இல்லாம ஜாக்கிய வெச்சா வண்டி மேல ஏறாது, ஜாக்கி கீழ இறங்கும். டயர் காத்தை 20 பிஎஸ்ஐ பக்கத்துக்கு இறக்கச் சொல்றாங்க, இதைச் செய்யாம போறவங்கதான் மொத ஐம்பது அடியில மாட்டிக்கறது. ரோட்டுக்குத் திரும்பினதும் காத்தை ஏத்தணும், அதையும் மறந்துடாதீங்க. ஸ்பீடு 15 மைல். ரெண்டு ஆக்ஸிலுக்கு மேல இருக்கற வண்டிக்கு அனுமதி கிடையாது.

நீங்க போறது சம்மர், அதனால இன்னொண்ணு. மே 1-லேருந்து செப்டம்பர் 14 வரைக்கும் ராத்திரி 9 மணிக்கு மேல காலையில கரையைத் திறக்கற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது, கடல் ஆமை முட்டை போட கரைக்கு வர்ற நேரம் அது. பறவை கூடு கட்டினா அந்தத் துண்டு கரையவே மூடிடுவாங்க, பர்மிட் கையில இருக்குன்னு சண்டை போட முடியாது. காலையில கிளம்பறதுக்கு முன்னாடி எந்த ரேம்ப் (மணல்ல இறங்கற வழி) திறந்திருக்குன்னு அவங்க மேப்பைப் பாருங்க.

கேள்வி: கடற்கரை எல்லாருக்கும் பொதுவானதுதானே, இத்தனை பர்மிட் காசு புடுங்கறதுக்குத்தானே?

பதில்: உங்க கோவம் புரியுது, ஆனா காசுக்காக ஆரம்பிச்ச கதை இல்ல இது. 1972-ல அதிபர் நிக்சன் ஒரு நிர்வாக ஆணை போட்டார், 11644-ம் நம்பர், மத்திய அரசு நிலத்துல வண்டி எங்க போகலாம் எங்க போகக் கூடாதுன்னு ஒவ்வொரு துறையும் பிரிச்சு வைக்கணும்னு. 1977-ல கார்ட்டர் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கேப் ஹேட்டரஸ்ல அதை ஒழுங்கா செய்யாமலே பல வருஷம் ஓட்டிட்டாங்க, அப்புறம் பறவைகள் பாதுகாப்பு அமைப்புகள் 2007-ல கோர்ட்டுக்குப் போச்சு, 2008-ல சமரச உத்தரவு, 2012-ல இப்ப இருக்கற விதி, பர்மிட்டும் அப்ப வந்ததுதான். மீன் பிடிக்க தலைமுறையா அந்தக் கரையில வண்டி ஓட்டின உள்ளூர்க்காரங்களுக்கு இன்னும் ஆத்திரம் தீரல, அவங்க பக்கமும் நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கறேன். ஆனா ராத்திரி ஹெட்லைட் போட்டுட்டுப் போற வண்டியால திரும்பிப் போற ஆமைக்கு யார் பதில் சொல்றது?

கேள்வி: நேஷனல் ஃபாரஸ்ட்ல ஒரு மண் ரோடு, தடுப்பு இல்ல, "நுழையாதே" போர்டு இல்ல. போனது தப்பாம். எப்படி?

பதில்: போர்டு இல்லாட்டி திறந்திருக்குன்னு அர்த்தம் இல்ல, அங்க கணக்கு தலைகீழ். 2005 விதிக்கு அப்புறம் ஃபாரஸ்ட் சர்வீஸ் ஒவ்வொரு காட்டுக்கும் மோட்டார் வண்டி மேப் போடுது, இலவசம். அந்த மேப்ல இருக்கற ரோடுதான் ரோடு, இல்லாதது மூடினது. எந்த மாசம், எந்த வகை வண்டின்னும் அதுலயே இருக்கும். காட்டுக்குள்ள சிக்னல் இருக்காது, வீட்டுலயே டவுன்லோட் பண்ணிக்கோங்க.

கேள்வி: கலிஃபோர்னியாவுல இருக்கற கிளாமிஸ் மணலுக்கு ட்ரக் பின்னாடி டிரெய்லர்ல ரெண்டு ஏடிவி கொண்டு போறோம். மூணு பர்மிட் வாங்கணுமா?

பதில்: ஒண்ணு போதும், அதுவும் ஏடிவி-க்கு இல்ல, ட்ரக்குக்கு. அங்க பிஎல்எம், அதாவது மத்திய அரசு நில நிர்வாகத் துறை, கேக்கற பர்மிட் நீங்க ரோட்டுல ஓட்டி வர்ற முக்கிய வண்டிக்குத்தான், அக்டோபர் 1-லேருந்து ஏப்ரல் 15 வரைக்கும் வேணும். அங்க போய் வாங்கினா விலை ஜாஸ்தி, முன்னாடியே வாங்கிட்டுப் போங்க. ஆனா ஏடிவி ரெண்டுக்கும் பச்சை ஸ்டிக்கர் தனியா இருக்கணும், கொடியும் கட்டணும். வேற மாநிலத்து ஏடிவி, அங்கயும் பதிவு எதுவும் இல்லைன்னா கலிஃபோர்னியாவோட வெளிமாநில பர்மிட் 30 டாலர் குடுத்து வாங்கிடுங்க.

கேள்வி: ட்ரக்கை மாத்திட்டேன். பழசுல இருந்த மிச்சிகன் ஓஆர்வி ஸ்டிக்கரை உரிச்சுப் புதுசுல ஒட்டலாமா?

பதில்: கூடாது. புதுசு வாங்குங்க.